பெயர் நீண்ட வீடியோ திறக்க மறுக்கும்போது: அளந்து, சுருக்கி, ஓடவைக்கும் முறை

பென்டிரைவில் நன்றாக ஓடிய காமன் கூத்து வீடியோ, லெப்டொப்புக்குக் கொப்பி செய்ததும் திறக்க மறுக்கிறது. உயர்தர வகுப்பின் சூம் பதிவு கணினியில் ஓடுகிறது. போனுக்குப் போட்டால் கொப்பியே ஆகவில்லை. ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸின் பிளேயரில் அதே பென்டிரைவைச் செருகினால் பாதிப் பாட்டுகள்தான் தெரிகின்றன. மூன்றுமே பெயர் நீளத்தால் வருபவை. ஆனால் மூன்றுக்கும் வரம்பு வேறு, எண்ணும் முறை வேறு, மருந்தும் வேறு. ஒன்றுக்கான வழியை இன்னொன்றில் போட்டுப் பார்ப்பதால்தான் பலருக்குச் சரிவருவதில்லை.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. திறக்காத ஃபைலைக் கெட்டுப்போனது என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாவையும் கூத்தையும் யாராவது ஒருவர்தான் பதிவு செய்திருப்பார். அந்த ஒரு பிரதி போனால் மீண்டும் கிடைக்காது. பெயர் நீண்ட ஃபைலின் உள்ளே இருப்பது அப்படியே நலமாகத்தான் இருக்கும்.

பெயர்தான் காரணமா என்று உறுதிசெய்வது

ஃபைலை டி டிரைவின் மேல்மட்டத்துக்கே, எந்த ஃபோல்டருக்குள்ளும் போகாமல், கொப்பி செய்யுங்கள். பெயரை வெறும் 1 என்று மாற்றுங்கள். புள்ளிக்குப் பின்னால் வரும் எம்பி4, எம்கேவி போன்ற பின்னொட்டை மட்டும் தொடாதீர்கள். பின்னொட்டு கண்ணில் படவில்லையென்றால் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை இயக்கிவிட்டு மாற்றுங்கள்.

இப்போது ஓடினால் குற்றம் பெயரிலோ பாதையிலோ இருக்கிறது. அப்போதும் ஓடாவிட்டால் பிரச்சினை வேறு: கொப்பி முழுமையாக முடியாமல் பென்டிரைவை இழுத்திருக்கலாம் (அளவு 0 என்று காட்டும், அல்லது மூலத்தைவிடக் குறைவாக இருக்கும்), இல்லையெனில் அந்த வகை வீடியோவுக்கான கோடெக் (வீடியோவைப் பிரித்துப் படிக்கும் நிரல்) பிளேயரில் இல்லை. அவற்றுக்கு இந்த வழிகாட்டி உதவாது.

பிளேயர் காட்டும் செய்தியை நம்பி முடிவெடுக்க முடியாது. சில பிளேயர்கள் "ஃபைல் கிடைக்கவில்லை" என்று சொல்லும், ஃபைலோ கண்முன்னே இருக்கும். சில பேசாமல் மூடிக்கொள்ளும். விஎல்சி என்ற இலவசப் பிளேயர் ஒரு சிவப்புக் குறியோடு, எந்த முகவரியைத் திறக்க முடியவில்லை என்பதையும் காட்டும். அந்த முகவரியில் சதவீதக் குறிகளும் எண்களும் வரிவரியாகக் கொட்டிக்கிடப்பதைக் கண்டு பலர் பயந்துவிடுகிறார்கள். அது சேதமல்ல, உங்கள் தமிழ்ப் பெயரேதான். விஎல்சி ஃபைலின் பாதையை இணைய முகவரி வடிவத்துக்கு மாற்றித்தான் கையாளுகிறது. அந்த வடிவத்தில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட்டாகி (பைட் என்பது கணினி சேமிக்கும் சிறு துண்டு), ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாகி, மொத்தம் ஒன்பது எழுத்தாக விரியும். விஎல்சி அந்த நீளத்தைத் தாங்கும். எல்லாப் பிளேயரும் தாங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

விண்டோஸின் 260

விண்டோஸில் ஒரு ஃபைலின் பெயர் மட்டும் 255 அலகு (விண்டோஸ் எழுத்தை எண்ணும் கணக்கு, கீழே விளக்கம்) வரை போகலாம். இந்த எண்ணைக் கேள்விப்பட்டவர்கள் "என் ஃபைலின் பெயர் 100 எழுத்துத்தானே, ஏன் திறக்கவில்லை?" என்று குழம்புவார்கள். தடுப்பது பெயரின் வரம்பல்ல, பாதையின் வரம்பு. டிரைவ் எழுத்தில் தொடங்கி, ஒவ்வொரு ஃபோல்டரின் பெயரும், இடையில் வரும் பின்சாய்கோடுகளும், கடைசியில் ஃபைல் பெயரும் பின்னொட்டும் சேர்ந்த முழுச் சரம்தான் பாதை. பழைய முறையில் எழுதப்பட்ட மென்பொருள்கள் இதற்கு 260 இடம்தான் ஒதுக்கும். அதில் கடைசி இடம் முடிவுக்குறிக்குப் போய்விடுவதால் உங்கள் கைக்குக் கிடைப்பது 259. ஃபோல்டர் பாதைக்கு இன்னும் குறைவு, முடிவுக்குறியோடு 248.

விண்டோஸே இப்படித் தடுக்குமானால் அதைத் தாண்டிய ஃபைல் எப்படி உருவாகிறது? பெரும்பாலும் ஜிப்பிலிருந்து. ஆசிரியர் கூகுள் டிரைவில் போட்ட பாடத்தொகுதியை இறக்கி "எக்ஸ்ட்ராக்ட் ஆல்" கொடுத்தால், விண்டோஸ் ஜிப்பின் பெயரில் ஒரு ஃபோல்டர் போடும். ஜிப்புக்குள்ளேயே அதே பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தால், ஒரே பெயர் இரண்டு முறை அடுக்கப்பட்டுவிடும். செவன்-ஜிப் போன்ற கருவிகள் 260-ஐத் தாண்டியும் விரிக்கக்கூடியவை. அவை ஃபைலை உருவாக்கிவிடும், பிளேயரால்தான் திறக்க முடியாது. இன்னொரு வழி, மேலே உள்ள ஃபோல்டரின் பெயரைப் பிறகு நீட்டுவது. "கூத்து" என்றிருந்ததை விளக்கமான நீண்ட பெயராக மாற்றும்போது, உள்ளே இருக்கும் நூறு ஃபைல்களின் பாதையும் சேர்ந்து நீளும். ஒரு எச்சரிக்கையும் வராது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். டி டிரைவில் "கலைவிழாப் பதிவுகள்" என்ற ஃபோல்டர், அதற்குள் "தலவாக்கலை", அதற்குள் "காமன் கூத்து". டிரைவ் எழுத்தும் அதன் குறிகளும் 3. முதல் ஃபோல்டர் சாய்கோட்டுடன் 19, இரண்டாவது 10, மூன்றாவது 13. இதுவரை 45. இங்கே 60 அலகு நீளப் பெயருள்ள ஒரு ஜிப்பை விரித்து, ஃபோல்டர் இரட்டித்தால் 122 கூடும், ஆக 167. ஃபைல் பெயருக்கு மிச்சம் 92 மட்டுமே. தேதி, ஊர், கூத்தின் பகுதி, பதிவு செய்தவர் என்று எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதுகிறவருக்கு 92 போதாது.

"காமன்" என்பது மூன்று எழுத்துத்தானே, ஏன் இவ்வளவு கூடுகிறது? விண்டோஸ் நாம் எண்ணுவதுபோல் எண்ணுவதில்லை. "கா" என்பதில் க ஒரு அலகு, துணைக்கால் ஒரு அலகு. "ன்" என்பதில் ன ஒன்று, புள்ளி ஒன்று. ஆகவே "காமன் கூத்து" நம் கண்ணுக்கு ஆறு எழுத்தும் ஒரு இடைவெளியும். விண்டோஸுக்கு 12 அலகு.

அளப்பது

ஃபைலின் மேல் ஷிஃப்டை அழுத்தியபடி வலது கிளிக் செய்து "கொப்பி ஆஸ் பாத்" என்பதைத் தெரிவுசெய்யுங்கள். விண்டோஸ் 11-இல் ஷிஃப்ட் இல்லாமலே அது வரும். எக்செலில் ஏ1 கட்டத்தில் ஒட்டி, பக்கத்துக் கட்டத்தில் லென் என்ற ஃபங்ஷனால் ஏ1-இன் நீளத்தை எடுங்கள். பாதையின் இரு முனையிலும் மேற்கோள் குறி சேர்ந்து வரும், அதற்காக 2 கழியுங்கள். விடை 259 அல்லது அதற்குக் கீழே என்றால் பாதை நீளம் காரணமல்ல. அதற்கு மேலே என்றால் எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதும் அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும்.

ஒட்டிய பாதையில் ஏதாவது ஃபோல்டர் பெயர் ஆறு எழுத்தோடு நின்று, அலைக்குறியும் 1 என்ற எண்ணும் வந்தால் ஏமாறாதீர்கள். பாதை நீளும்போது விண்டோஸ் சில இடங்களில் தானே வைத்திருக்கும் குறும்பெயரைக் காட்டும். அப்போது அளவு உண்மையைவிடக் குறைவாக வரும். ஃபோல்டர் பெயர்களைத் தனித்தனியே எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

சரிசெய்வது, எளியதிலிருந்து

மேலிருந்து சுருக்குவதுதான் முதல் வழி. பெரும்பாலானோருக்கு இதுவே போதும். திறக்காத ஃபைலின் பெயரை மாற்றப் போனால் எக்ஸ்ப்ளோரரே தடுமாறும், ஏனென்றால் அந்தப் பாதை அதற்கும் நீளம். ஆகவே கீழே கைவைக்காமல், டிரைவுக்கு அடுத்து இருக்கும் முதல் ஃபோல்டரின் பெயரைச் சுருக்குங்கள். பிறகு அதற்கு உள்ளே இருப்பதை. ஃபோல்டருக்குப் பெயர் மாற்றுவதால் உள்ளே இருக்கும் வீடியோக்கள் இடம் மாறுவதில்லை. 50 ஜிபி இருந்தாலும் ஒரு நொடியில் முடியும். மேலே காட்டிய கணக்கில் முதல் மூன்று ஃபோல்டர்களை "கூத்து", "24" என்று இரண்டாக்கினால் 45 இருந்த இடம் 13 ஆகும். இரட்டித்த ஜிப் ஃபோல்டரில் உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வைத்தால் இன்னும் 61 மிச்சம்.

டெஸ்க்டொப்பில் வைக்கும் பழக்கத்தை விடுவது அடுத்தது. டெஸ்க்டொப் கைக்கு எட்டும் இடமாகத் தெரிந்தாலும் அதன் உண்மைப் பாதை நீளமானது. ஒன்டிரைவ் இயங்கும் கணினியில், பயனர் பெயர் 8 எழுத்தென்றால், டெஸ்க்டொப்புக்குள் நுழைவதற்குள்ளேயே 35 போய்விடும். டி டிரைவின் மேல்மட்டத்தில் அது 3.

எக்ஸ்ப்ளோரர் எதற்குமே இடம் தராமல் "பெயர் நீளம்" என்று மறுத்துக்கொண்டே இருந்தால், செவன்-ஜிப்பின் ஃபைல் மேனேஜரைத் திறந்து அந்த இடத்துக்குப் போங்கள். அது 260-ஐத் தாண்டிய பாதைகளையும் கையாளும். எஃப்2 விசையால் பெயரை மாற்றலாம், வேறு இடத்துக்கு நகர்த்தவும் செய்யலாம். இலவச மென்பொருள்தான், கையில் வைத்திருங்கள்.

ஃபோல்டர் பெயர்களை மாற்றவே கூடாத நிலையும் உண்டு. பாடசாலைக் கணினியில் எல்லோரும் பழகிய அடுக்கு, அல்லது வேறொருவரின் ஹார்ட் டிஸ்க். அப்போது தற்காலிகமாக ஒரு பொய் டிரைவ் எழுத்தைக் கொடுக்கலாம். கமாண்ட் புரொம்ப்டைத் திறந்து சப்ஸ்ட் என்ற கட்டளை (எஸ், யு, பி, எஸ், டி என்ற ஐந்து எழுத்து), ஒரு இடைவெளி, பயன்பாட்டில் இல்லாத ஒரு டிரைவ் எழுத்து முக்காற்புள்ளியுடன், இன்னொரு இடைவெளி, பிறகு ஃபோல்டரின் பாதை மேற்கோள் குறிக்குள். அந்த ஃபோல்டரின் பாதை வரம்புக்குள் இருக்க வேண்டும். இப்போது அந்த ஃபோல்டரே ஒரு புதிய டிரைவாகத் தெரியும். பிளேயர் அந்த வழியாகத் திறந்தால் பாதை மூன்று அலகில் தொடங்கும். கணினியை மறுபடி இயக்கினால் இது மறைந்துவிடும். கமாண்ட் புரொம்ப்டை "அட்மினிஸ்ட்ரேட்டராக" திறந்து இதைச் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் புதிய டிரைவ் சாதாரண எக்ஸ்ப்ளோரரில் தெரியாது.

கடைசியாக, விண்டோஸின் தடையையே நீக்குவது. 2016-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து இது முடியும். விண்டோஸின் உள் அமைப்புகளை மாற்றும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், ஃபைல் சிஸ்டம் என்று இறங்கி, "லாங் பாத்ஸ் எனேபிள்ட்" என்ற மதிப்பை 1 ஆக்கிவிட்டு, கணினியை மறுபடி இயக்க வேண்டும். புரோ பதிப்பில் குரூப் பொலிசியிலும் இதே அமைப்பு உண்டு. இணையத்தில் இதைத்தான் முதல் மருந்தாகச் சொல்கிறார்கள். நாங்கள் இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது: விண்டோஸ் கதவைத் திறந்தாலும், பிளேயர் "எனக்கு நீண்ட பாதை தெரியும்" என்று தன் அமைப்பிலேயே அறிவித்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன். பழைய பிளேயர்கள் அப்படி அறிவிப்பதில்லை, எக்ஸ்ப்ளோரரும் முழுமையாக ஒத்துழைப்பதில்லை. அதோடு, உங்கள் கணினியில் திறந்த ஃபைலை வாங்கிப்போகிறவரின் கணினியில் அதே தடை அப்படியே இருக்கும்.

போனில் வேறு கணக்கு

ஆண்ட்ராய்டு போனின் உள்நினைவகமும், லினக்ஸ் போட்ட கணினியும் பாதையைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. லினக்ஸில் முழுப் பாதைக்கு 4096 பைட் வரை இடமுண்டு. அவை இறுக்கிப் பிடிப்பது பெயரை: 255 பைட். ரோமன் எழுத்தில் எழுதுகிறவருக்கு ஒரு எழுத்து ஒரு பைட், ஆகவே 255 எழுத்து தாராளமாகக் கிடைக்கும். தமிழில் ஒவ்வொரு அலகும் மூன்று பைட். "காமன் கூத்து" ரோமனில் 12 பைட், தமிழில் 34.

எம்பி4 என்ற பின்னொட்டுக்கும் அதன் புள்ளிக்கும் 4 போனால் மிச்சம் 251 பைட், அதாவது 83 தமிழ் அலகு. ஒரு எழுத்துக்குச் சராசரியாக இரண்டு அலகுக்குச் சற்றுக் குறைவு என்று வைத்தால், கண்ணால் எண்ணும் 45 எழுத்து அளவில் கதவு மூடிக்கொள்ளும். 120 அலகு நீளத் தமிழ்ப் பெயர் விண்டோஸில் தடையில்லாமல் ஓடி, போனுக்கு மாற்றும்போது நிற்பது இதனால்தான். கேபிளில் கொப்பி செய்தால் பாதியில் "பிழை" என்று வரும், அல்லது அந்த ஒரு ஃபைல் மட்டும் சொல்லாமல் விடுபடும். நூறு ஃபைல் மாற்றிய பின் எண்ணிக்கையை இரு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஹோம் ஃபோல்டரை மறையாக்கம் செய்து நிறுவிய லினக்ஸ் மின்ட் இன்னும் நெருக்கம். பழைய ஈகிரிப்ட்எஃப்எஸ் முறையில் பெயருக்கு 143 பைட்தான். தமிழில் அது 25 எழுத்தளவு.

எல்லாச் சாதனத்திலும் ஓட வேண்டிய பதிவென்றால் தமிழ்ப் பெயரை 20 எழுத்துக்குள் வையுங்கள். தமிழில் பெயரிடுவதையே விட்டுவிடச் சொல்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. ஊர்ப்பெயரும் கூத்தின் பெயரும் நம் எழுத்தில் இருந்தால்தான் பிள்ளைகள் தேடி எடுப்பார்கள். சுருக்கினால் போதும்.

பஸ், வேன், பழைய டிவி

இங்கே எந்த விண்டோஸ் அமைப்பும் செல்லாது. பிளேயருக்குள் இருக்கும் சிறு மென்பொருள் எதைப் படிக்கிறதோ அதுதான். பல பழைய பிளேயர்கள் பெயரில் எட்டு எழுத்தும் பின்னொட்டில் மூன்றும் என்ற பழைய அமைப்பையே படிக்கும்; தமிழ் எழுத்துரு இல்லாததால் பெயர் கட்டம் கட்டமாகவும் தெரியும். பாட்டுகளுக்கு 001, 002 என்று எண்ணும், ரோமனில் ஐந்தெழுத்துச் சுருக்கமும் போதும்.

2 ஜிபியும் அதற்குக் குறைவுமான மெமரி கார்டுகள் பெரும்பாலும் ஃபேட்16 என்ற பழைய ஃபைல் அமைப்பில் இருக்கும். அதன் மேல்மட்டத்தில் 512 பதிவிடங்கள்தான். நீண்ட பெயர் ஒவ்வொரு 13 அலகுக்கும் ஒரு இடத்தைத் தின்னும், குறும்பெயருக்கு இன்னொன்று. 60 அலகுப் பெயருக்கு 6 இடம். ஆகவே 85 பாட்டு ஏறியதும் கார்டில் இடமிருந்தும் "நிறைந்துவிட்டது" என்று வரும். பாட்டுகளை ஒரு ஃபோல்டருக்குள் போட்டால் இந்தத் தடை இல்லை.

வரிசை குழம்புவதற்கும் மருந்து உண்டு. பல கார் பிளேயர்கள் அகரவரிசையில் ஓட்டுவதில்லை. கொப்பி செய்யப்பட்ட வரிசையில் ஓட்டும். பென்டிரைவை ஃபோர்மட் செய்து, எண் வரிசைப்படி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். கல்யாண வீடியோ 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 பென்டிரைவ் அதை ஏற்காது. அது பெயரின் குற்றமல்ல, இரண்டாக வெட்டித்தான் போட வேண்டும்.

டிவிடியில் டேட்டாவாக எழுதுகிறவர்கள் 64 அலகுக்கு மேல் போக வேண்டாம். டிஸ்க்கில் பெயர்களை எழுதும் ஜோலியட் அமைப்பு அங்கே வெட்டிவிடும்.

பெயரை மாற்றும்போது உடைபவை

சப்டைட்டில் ஃபைலின் பெயர் வீடியோவின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் பல பிளேயர்கள் தானாக எடுக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பிளேலிஸ்டில் பழைய பாதை எழுதப்பட்டிருக்கும், அதைப் புதிதாகச் சேமிக்க வேண்டும். சேமிக்கும்போது எம்3யு வேண்டாம், எம்3யு8 தெரிவுசெய்யுங்கள். முதல் வகையில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும் வாய்ப்பு அதிகம். இரண்டாவது யூனிகோடில் எழுதும்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய பெயர்கள் டவுன் கடைகளிலிருந்து வரும் வீடியோக்களில் இன்னும் நிறைய. பெயர்களுக்கு எழுத்துருவை மாற்ற முடியாது, ஆகவே அவை ரோமன் எழுத்தும் அரைப்புள்ளிகளும் கலந்த குழப்பமாகவே தெரியும். யூனிகோடில் மறுபடி தட்டுவது ஒன்றே வழி. அப்போது ஒரு நுணுக்கம்: "கொ" என்பதை ஒற்றைக் குறியாகவும் தட்டலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் தட்டலாம். பார்வைக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு வேறு பெயர். தேடினால் கிடைக்காத ஃபைல்களில் சில இப்படித்தான் ஒளிந்திருக்கும்.

பெயரிலிருந்து வெட்டிய விவரத்தை வீசிவிட வேண்டாம். எம்பி3, எம்பி4 ஃபைலை விஎல்சியில் திறந்து, கன்ட்ரோலும் ஐ விசையும் சேர்த்து அழுத்தினால் மீடியா இன்ஃபர்மேஷன் ஜன்னல் வரும். டைட்டில் கட்டத்தில் முழுப் பெயரையும், கீழே கொமென்ட்ஸ் கட்டத்தில் தோட்டம், தேதி, ரதி மதன் வேடம் கட்டியவர்கள், தப்படித்தவர்கள் என்று எவ்வளவு வேண்டுமானாலும் எழுதி "சேவ் மெட்டாடேட்டா" கொடுங்கள். அந்த விவரம் ஃபைலுக்குள்ளேயே போய்விடும், பெயர் எப்படி மாறினாலும் கூடவே வரும். மூலப் பதிவில் இதைச் செய்யுமுன் ஒரு பிரதி எடுத்து, பிரதியில் முதலில் செய்து ஓடுகிறதா என்று பாருங்கள். மற்ற வகை ஃபைல்களுக்கு, அதே ஃபோல்டரில் "விவரம்" என்ற ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எண் வாரியாக எழுதி வையுங்கள். நோட்பேடில் சேமிக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 என்று இருக்கட்டும்.